ஏழரை

கல்யாணத்தன்று கிளிஃபர்டின் தொப்பி ஆறே முக்கால்.
போல்ட்டன் சந்தையில் நான்தான் வாங்கினேன்.
சாம்பல் நிறக் கம்பளித் துணி, உள்ளே பழுப்புப் பட்டை,
பட்டையில் கடைக்காரன் பேனாவால் எழுதிய அளவு.

பதினெட்டு வருஷம் கழித்து ஏழு.
மழையில் நனைந்து தொப்பிதான் சுருங்கியிருக்கும் என்றேன்.
அடுத்தது ஏழே கால்.
முடி அடர்த்தியாகிவிட்டது என்றார்.
முடியா, எங்கே, என்று
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த மார்ச்சில் ஏழரை.

பேட்டரி ஆலையில் இருபத்தாறு வருஷம்.
காரீயத்தை உருக்கி வார்ப்பார்,
ஆறியதும் விளிம்பைச் சீவுவார்.
சாயங்காலம் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டை கறுக்கும்.
ஆலையில் தினமும் ஒரு பாட்டில் பால் கொடுத்தார்கள்,
குடித்தால் ஈயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று.
பாலின் சுண்ணாம்பும் ஈயமும்
ஒரே கதவைத்தான் தட்டுமாம்.
எலும்புக்கு ஆள் அடையாளம் தெரியாது,
இரண்டையும் வா என்று உள்ளே விட்டுவிடும்.
டாக்டர் கிரிம்ஷா சொன்னது இது.
பால் பாட்டில்களை நான் தினமும் கழுவித் திருப்பி அனுப்பினேன்.

வலது கால் வில்லாய் வளைந்தது.
முழங்காலுக்குக் கீழே தொட்டால் சுட்டது.
எங்களுக்கு முன்பே பூனை அதைக் கண்டுபிடித்திருந்தது:
கணப்படுப்பை விட்டுவிட்டு
குளிர்காலம் முழுக்க
அந்தக் காலின்மேல் படுத்துக் கிடந்தது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார் டாக்டர்.
மண்டை ஓடெல்லாம் பஞ்சு.
பஞ்சு மாதிரி தெரியும், பஞ்சு அல்ல, என்றார்.
எனக்கா பஞ்சு தெரியாது?
பதினான்கு வயதில் நூல் மில்லுக்குப் போனவள்.
வீட்டுக்கு வரும்போது புருவத்தில் ஒட்டியிருக்கும்,
கிளிஃபர்ட் ஊதிவிடுவார்.
ஊதியதெல்லாம் எங்கே போனது பார்,
என்று அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.
கேட்கவில்லை.
எலும்பு தடித்துக் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.
காரீயம் காரணமாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
ஈயத்தின் பக்கமே போகாதவர்களுக்கும்
இந்த வட்டாரத்தில் இந்த நோய் வருகிறது.
ஈயம் பூசின மாதிரியும்
பூசாத மாதிரியும் ஒரு கடிதம்.
அவர்மேல் கோபமில்லை,
தெரியாததைத் தெரியாது என்று எழுதினார்.
ஈய விஷத்துக்குச் சனியின் பெயர்தான் பழைய பெயர் என்றார்.
அந்தக் காலத்தில் ஒவ்வோர் உலோகத்துக்கும்
ஒரு கிரகம் வைத்திருந்தார்களாம்.
சனிக்கிழமையும் ஓவர்டைம் பார்த்தார் டாக்டர்,
அதையும் எழுதுங்கள் என்றேன்.

பிரஸ்டனில் விசாரணை.
மூன்று பேர், ஒரு தண்ணீர் ஜாடி.
பழைய தொப்பிகள் மூன்றையும்
ஒன்றுக்குள் ஒன்றாகப் பையில் கொண்டுபோயிருந்தேன்.
மேசைமேல் வரிசையாக வைத்தேன்.
தொப்பி சாட்சியத்தில் சேராது, அம்மா, என்றார் நடுவிலிருந்தவர்.
கடிதத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் தட்டினார்.
"இருக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறார்?"

லாம்.
இரண்டே எழுத்து.
இருபத்தாறு வருஷமும் அதற்குள் அடங்கிவிட்டது,
வளைந்த கால் உட்பட.

காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.
"மிஸ்டர் ஓப்பன்ஷா, நீங்கள் போகலாம்."

அவருக்குக் கேட்கவில்லை.
உட்கார்ந்தே இருந்தார்,
ஏழரையை மடியில் வைத்துக்கொண்டு,
எப்போது ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று
மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி.

அவர் முழங்கையைத் தொட்டால் எழுந்துவிடுவார்.
நான் தொடவில்லை.